பட்டன்

தீபாவளி இரவு வேலியைத் தாண்டி ஓடிப்போனாள்.
நான்கு நாள் தேடினார்கள்,
ஷால்கிராஸ் தொடங்கி உம்லதுசானா ஆற்றுப்பாலம் வரை.
விளக்குக் கம்பங்களில் ஒட்டிய தாளில் படம் இல்லை.
இருந்த ஒரே படத்தில்
திரைச்சீலைக்கு வெளியே ஒரு வால்.
அதனால் எழுத்து மட்டும்:
"பழுப்பு நிறம். இடது காது மடிந்திருக்கும்.
பெயர் பட்டன்.
கூப்பிட்டால் வரமாட்டாள்."

ஐந்தாம் நாள் தானே வந்து
சமையலறை மேசைக்கடியில் படுத்துக்கொண்டாளாம்.
அடுத்த முறைக்கு ஒரு முகம் வேண்டும் என்று
சரோஷ்னி மூட்லி என்னைக் கூப்பிட்டாள்.

இருபத்திரண்டு வருடமாக
சாட்ஸ்வொர்த் கல்யாண மண்டபங்களில்
கத்திப் பழகிய தொண்டை எனக்கு.
இங்கே பாருங்கள், சிரியுங்கள், தலையை நிமிர்த்துங்கள்.
காவடி எடுத்து வருபவர்களின் முகத்துக்கு நேரே
ஃபிளாஷ் அடித்திருக்கிறேன்.
ஒருவரும் மேசைக்கடியில் ஓடியதில்லை.

முதல் நாள் கேமராவைக் காரிலேயே விட்டேன்.
என் தோள் மட்டும் அவளுக்குத் தெரியும்படி
தரையில் பக்கவாட்டாக உட்கார்ந்தேன்.
தேநீரும் தரையிலேயே வந்தது.
முட்டி வலித்தது.
அவள் கொட்டாவி விட்டாள்.
தூக்கம் வந்துவிட்டது என்றேன்.
"பயம், அங்கிள்" என்றான் திரோஷன்.
அவனுக்கு ஒன்பது வயது.

இரண்டாம் நாள் கேமராவைத் தரையில் வைத்தேன்,
மூடியைத் திறக்காமல்.
லென்ஸுக்கு இமை கிடையாது.
பார்க்கக் கூடாததிலிருந்து
கண்ணை எடுக்க அதற்குத் தெரியாது.
இரவும் அங்கேயே கிடக்கட்டும் என்று விட்டுவிட்டு வந்தேன்.
அதன் விலை ஞாபகம் இருக்கிறதா என்று
வீட்டில் கேட்டார்கள்.
காலையில் தோல்வாரில் பல் பதிந்து
ஈரமாயிருந்தது.
எனக்குச் சந்தோஷம்.

மூன்றாம் நாள் சாவிக்கொத்தை வாசலில் வைத்தேன்.
ஷட்டர் சத்தத்தை அணைத்தேன்.
நிழல் அவள்மேல் விழாத பக்கமாய்ப் பார்த்து
குப்புறப் படுத்தேன்.
ஐம்பத்தாறு வயது வயிற்றுக்கு
டைல்ஸின் குளிர் புதிது.
ஒரு மணி நேரம்.
எறும்பு ஒன்று என் கைக்கடிகாரத்தை
இரண்டு முறை சுற்றி வந்தது.

இரண்டு மணிக்கு மின்சாரம் போனது,
அட்டவணையில் சொன்னபடி.
ஃபிரிட்ஜ் கடைசியாய் ஒருமுறை
உடம்பை உதறி அடங்கியது.
இத்தனை நேரமும் அது
உறுமிக்கொண்டிருந்தது என்பதே
அப்போதுதான் உறைத்தது.
பக்கத்து வீட்டு டிவி, எதிர்ச்சுவரைத் துளைத்த டிரில்,
எல்லாம் ஒரே நொடியில் வாயை மூடின.
மேசைக்கடியிலிருந்து
முதலில் மூக்கு.
பிறகு மடிந்த காது.
பிறகு,
கடனைத் திருப்பிக் கொடுக்க வந்தவள்போல் தயங்கி,
முழுதாய்.

ஜன்னல் வெயில் விழுந்த சதுரத்தில் நின்று
முன்கால்களை நீட்டிச் சோம்பல் முறித்தாள்.
அந்த அறையில் இரண்டு பட்டன்கள்.
அழுத்தக் கூடியதை மட்டும் அழுத்தினேன்.
நான்கு படம்.
ஐந்தாவதற்குள் கூரைமேல் ஒரு ஹடீடா
தகரத்தைக் கிழிப்பதுபோல் கத்த,
மறுபடி வால்.

சரோஷ்னி ரொம்ப நேரம் பார்த்தாள்.
"அழகாத்தான் இருக்கா.
தொலைஞ்சா இப்படியா இருப்பா?"

காது ஒட்டி, கண் வெளுத்து,
வயிறு தரையில் உரச ஓடும் ஒருத்தியை
இந்தப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு
யார் அடையாளம் காண்பார்கள்?
எனக்கு அது தோன்றவே இல்லை.
பணம் வாங்கவும் கூச்சமாயிருந்தது.

தேடுவதற்குப் பழைய படமே போதும் என்றான் திரோஷன்.
ஓடும்போது வால்தானே தெரியும்.

புதியதைச் சின்னதாய் அச்செடுத்து
ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினார்கள்.
அடுத்த வாரம் போனபோது பார்த்தேன்.
வெயில் சதுரத்தில் பட்டன், பயமே அறியாதவள்போல.
அவளை நெஞ்சில் ஒட்டிக்கொண்டு
உறுமிக்கொண்டிருந்தது ஃபிரிட்ஜ்.